மடிக்கணினியும் பழுதறி மென்பொருளும்

'டயக்னோசிஸ்' என்பது கிரேக்க மொழியினின்று ஆங்கிலம் பெற்றுக்கொண்ட சொல்லாகும். 'க்னோசிஸ்' என்பது அறிதல். 'டயா' என்னும் முன்னொட்டு ஊடுருவுதலையும் வேறுபிரித்தலையும் உணர்த்தும். எனவே, ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிதலே அச்சொல்லின் அடிப்படைப் பொருள் எனலாம். 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸி, தோற்றத்தால் ஒத்திருந்த பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனிநூல் யாத்தார். காய்ச்சலும் தோல்தடிப்பும் இரண்டுக்கும் உண்டு; நோய்கள் மட்டும் வேறு. கணினியின் நிலையும் இதுவே. 'திரை உறைந்துவிட்டது' என்பது ஓர் அறிகுறி. அதன் காரணம் நினைவகமாக இருக்கலாம், வன்தட்டாக இருக்கலாம், மிகுவெப்பமாக இருக்கலாம், கருவியில் எக்குறையும் இல்லாது இயங்குதளத்தின் கோளாறாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதற்கென எழுதப்பெற்ற நிரல்களையே இக்கட்டுரை 'பழுதறி மென்பொருள்' எனக் குறிக்கின்றது. 'குறைகாண்', 'நோயறி' என்னும் சொற்களும் வழங்குகின்றன. பொறிக்கு நோயென்பதினும் பழுதென்பதே இயல்பாக ஒலிப்பதால் இச்சொல்லைக் கொண்டோம்.

மேசைக்கணினியில் இவ்வகை மென்பொருளின் தேவை ஓரளவே. அதன் பெட்டியைத் திறந்து, ஐயத்திற்குரிய உறுப்பைக் கழற்றி, நல்லதொன்றைப் பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். மடிக்கணினியோ அவ்வாறன்று. மெல்லிய வடிவங்கள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. நுண்செயலியும் அவ்வாறே. மின்கலமும் உள்ளேயே திருகப்பட்டுள்ளது. மூடியைத் திறப்பதற்கே தனித் திருப்புளியும் பொறுமையும் வேண்டும். ஆகவே, திறவாமலே உள்ளறியும் வழி இன்றியமையாததாகின்றது.

நோயாளியே மருத்துவனாதல்

பழுதறி மென்பொருளைப் பயன்படுத்துவோர் முதற்கண் உணரவேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. மருத்துவர் வேறு, நோயாளி வேறு. இங்கோ, பழுதுற்றதாக ஐயுறப்படும் நுண்செயலியின்மேல்தான் சோதனை நிரல் ஓடுகின்றது. ஐயுறப்படும் நினைவகத்தில்தான் அந்நிரல் அமர்ந்திருக்கின்றது. தன் அறிவு தடுமாறிய ஒருவனிடம் 'நின் அறிவு தெளிவாக உள்ளதா?' என வினவுவது போன்றது இது. இச்சிக்கலைத் தீர்க்கவியலாது, குறைக்கவியலும். எந்த அளவுக்குக் குறைவான அடுக்குகளின்மேல் சோதனை நிற்கின்றதோ, அந்த அளவுக்கு அதன் சான்று வலியுடையது. இக்கோட்பாடு தெளிவாயின் எந்தச் சோதனையை எப்பொழுது செய்வது என்பதும் தெளிவாகும்.

அடியடுக்கில் இருப்பது, மின்னிணைப்புத் தந்தவுடன் கணினி தானே செய்துகொள்ளும் தற்சோதனை. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியிலேயே இது இருந்தது. பயாஸ் என்னும் நிலைப்பொருள், இயங்குதளத்தை அழைப்பதற்குமுன் நினைவகமும் விசைப்பலகையும் பிறவும் மறுமொழி தருகின்றனவா எனப் பார்க்கும். திரையே இயங்காத நிலையில் பழுதை எவ்வாறு தெரிவிப்பது? அதற்கெனவே ஒலிக்குறிகள் வகுக்கப்பட்டன. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிக்கு மாற்றாகவோ அதனோடு சேர்ந்தோ விளக்குகள் பேசுகின்றன. எச்.பி. நிறுவனத்தின் கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கும், டெல் நிறுவனத்தின் கணினிகளில் மின்கல விளக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னி நிற்கும். அவ்வெண்ணிக்கையை இருமுறை எண்ணி எழுதிக்கொண்டு, அந்த வடிவத்திற்குரிய கையேட்டில் பொருள் காணவேண்டும். ஒரு நிறுவனத்தின் குறி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

அதற்கு மேலடுக்கில், நிலைப்பொருளோடு சேர்ந்தே வரும் சோதனைத் தொகுதிகள் உள்ளன. தொடங்கும் வேளையில் டெல் கணினியில் எஃப் 12 விசையை அழுத்தின் வரும் பட்டியலிலும், எச்.பி. கணினியில் எஃப் 2 விசையாலும், லெனோவோவின் திங்க்பேட் வகைகள் பலவற்றில் எஃப் 10 விசையாலும் இவற்றை அடையலாம். ஆப்பிள் நிறுவனம் 2013 ஜூன் மாதத்திற்குப் பிந்திய கணினிகளில் 'ஆப்பிள் டயக்னாஸ்டிக்ஸ்' என்னும் சோதனையை வைத்துள்ளது. இன்டெல் நுண்செயலி கொண்டவற்றில் டி விசையை அழுத்தியவாறு தொடங்கினால் அது எழும். இவையெல்லாம் விண்டோஸ் முதலிய இயங்குதளம் எழுவதற்கு முன்னரே ஓடுபவை. ஆதலின், இயங்குதளத்தின் கோளாறு இவற்றின் முடிவைக் கெடுப்பதில்லை. பலர் இவற்றின் இருப்பையே அறியாது, விலைகொடுத்து வேறு மென்பொருள் வாங்குகின்றனர்.

வன்பொருளா மென்பொருளா என்னும் ஐயத்தை அகற்ற இன்னுமோர் எளிய வழி, லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே நேரடியாக எழுப்பிப் பார்ப்பது. உள்ளிருக்கும் வன்தட்டைத் தொடாமலே கணினி இயங்கும். விண்டோஸில் ஒலி எழாத கருவி அங்கு ஒலிக்குமாயின், ஒலிபெருக்கியைக் குற்றம் சொல்வதற்கில்லை.

முதலில் தரவு, பிறகே சோதனை

சேமிப்பகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். நினைவகம் கெட்டால் வேறு வாங்கலாம். திரை உடைந்தால் மாற்றலாம். ஆனால் ஐந்தாண்டு உழைத்துத் தொகுத்த முனைவர்ப்பட்ட ஆய்வேட்டையும் அதற்கான களக்குறிப்புகளையும் ஒரே வன்தட்டில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு அத்தட்டு கெடுதல் என்பது பொருளிழப்பு மட்டுமன்று. சோதனை என்பதே தட்டை முழுமையாகப் படிக்கச் செய்வது. சாகும் தறுவாயிலுள்ள தட்டை முழுமையாகப் படிக்கச் செய்தல், மூச்சுத் திணறுவோனை மலையேறச் சொல்வதாகும். ஆகவே வன்தட்டு ஐயத்திற்கு இடமாயின், எச்சோதனைக்கும் முன்பாகக் கோப்புகளைப் படியெடுத்தல் வேண்டும். படியெடுக்கும்போதே பிழைகள் தோன்றினால், கோப்பமைப்பைச் 'சரிசெய்யும்' கருவிகளை ஏவுதல் தகாது. 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச நிரல் இதற்கென அமைந்தது. எளிதில் படிக்கவல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கடினமான பகுதிகளுக்குப் பின்னரே திரும்பும். எங்கு நிறுத்தினோம் என்பதையும் ஒரு கோப்பில் குறித்துவைக்கும்.

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்யும் முறைக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். 1990களின் முற்பகுதியில் ஐ.பி.எம்., காம்பேக் ஆகிய நிறுவனங்கள் தனித்தனியே செய்த முயற்சிகள் இதற்கு அடித்தளமாயின. 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ', 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' போன்ற இலவச மென்பொருள்கள் இப்பதிவைப் படித்துக் காட்டும். அங்குக் காணும் நீண்ட பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. 5, 197, 198, 199 ஆகிய எண்களையுடைய நான்கு வரிகளை ஊன்றிப் பார்த்தாலே பெரும்பயன் விளையும்.

தட்டின்மேல் தரவு எழுதப்படும் சிறுகூறுகளைச் செக்டர் என்பர். கெட்டுப்போன கூறுகளுக்கு ஈடாகப் பயன்படுத்தவென்றே சில கூறுகளைத் தட்டு ஒதுக்கி வைத்திருக்கும். இவ்வாறு மாற்றீடு செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 5ஆம் வரியில் நிற்கும். படிக்க முயன்று இயலாமற்போய், முடிவுக்குக் காத்திருக்கும் கூறுகளை 197ஆம் வரி காட்டும். தட்டு தன்னையே ஆராய்ந்தபோது திருத்தவியலாதென அறிந்தவை 198இல் அடங்கும். 199ஆம் வரி மட்டும் வேறு இனம். தட்டுக்கும் கணினிக்கும் இடையே தரவு பயணம் செய்கையில் நேர்ந்த பிழைகளை அது எண்ணுகின்றது. மற்ற மூன்றும் சுழியமாக இருக்க இது மட்டும் ஏறிக்கொண்டே போனால், குற்றம் இணைப்பு வடத்தின்மேலோ பொருத்துவாயின்மேலோ சாரும். சில நூறு ரூபாய் வடத்தை மாற்றுவதற்கு மாறாக முழுத்தட்டையும் மாற்றிய கதைகள் இதனை அறியாமையால் விளைந்தவை. இவ்வெண் எப்போதும் கூடுமேயன்றிக் குறையாது. எனவே வடத்தை மாற்றியபின் எண் சுழியத்திற்குத் திரும்புகின்றதா எனப் பார்ப்பது வீண். மேலும் ஏறாது நிற்கின்றதா என்பதே காணத்தக்கது.

இப்பதிவை எந்த அளவு நம்பலாம்? கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை அவர்கள் நோக்கினர். மேற்பரப்பு ஆய்வில் முதற்பிழை தோன்றிய தட்டுகள், பிழையற்ற தட்டுகளைவிட அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதி எனக் கண்டனர். அதே ஆய்வில், செயலிழந்த தட்டுகளுள் 36 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலான எந்த ஸ்மார்ட் வரியிலும் எவ்வறிகுறியும் காட்டாமலே மாண்டன என்பதும் வெளிப்பட்டது. இவ்விரு முடிவுகளையும் இணைத்தே படிக்கவேண்டும். எச்சரிக்கை எழுந்தால் நம்புக. எச்சரிக்கை எழாமையை நலத்தின் சான்றாகக் கொள்ளற்க. 'உடல்நலம் 100 விழுக்காடு' எனப் பச்சை நிறத்தில் மின்னும் சொல், 'யான் ஒன்றும் காணவில்லை' என்பதற்கு மேல் எதனையும் உறுதிசெய்வதன்று.

சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்களில் வரிகள் வேறுபடும். என்விஎம்இ முறையிலானவை எஞ்சியுள்ள மாற்றிடம், தேய்மான விழுக்காடு, தரவுப்பிழை எண்ணிக்கை, முறையின்றி மின்சாரம் அறுந்த தடவைகள் ஆகியவற்றைப் பதிவுசெய்கின்றன. தேய்மானம் மெல்ல ஏறுவது இயல்பு. தரவுப்பிழை ஒன்றே தோன்றினும் உடனே படியெடுத்தல் நன்று. இவ்வகைச் சேமிப்பகங்கள் முனகலும் உராய்வொலியும் இன்றி ஒரே நொடியில் மறைந்துபோதல் உண்டு.

நினைவகச் சோதனை

8 கிகாபைட் நினைவகத்தில் ஏறத்தாழ 6,872 கோடி பிட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் 0 ஆகவே உறைந்து நின்றாலும் கணினி தடுமாறக்கூடும். அத்தடுமாற்றம் ஒருநாள் நீலத்திரையாகவும், மறுநாள் கெட்டுப்போன கோப்பாகவும், பிறிதொரு நாள் ஏதுமின்றியும் தோன்றும். எந்த நிரல் அவ்விடத்தில் அமர்கின்றதோ அதுவே வீழும். ஆகவேதான் நினைவகப் பழுது பெரும்பாலும் வேறொன்றின்மேல் பழியேற்றப்படுகின்றது.

விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு அவ்வியங்குதளத்திலேயே நினைவகச் சோதனை ஒன்று அடங்கியுள்ளது. எனினும் இத்துறையில் பெயர்பெற்றது 1994இல் கிறிஸ் பிராடி எழுதிய 'மெம்டெஸ்ட்86'. அதன் வழித்தோன்றலாகிய 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' கட்டற்ற மென்பொருளாக இன்றும் கிடைக்கின்றது. இது பென்டிரைவிலிருந்து தானே எழுந்து, இயங்குதளமின்றி ஓடும். சுழியங்களை எழுதிப் படிக்கும். ஒன்றுகளை எழுதிப் படிக்கும். ஓரிடத்தில் எழுதுவது அண்டையிடத்தை மாற்றுகின்றதா எனவும் நோக்கும். தான் அமர்ந்திருக்கும் இடத்தை எவ்வாறு சோதிப்பது? அங்கிருந்து பெயர்ந்து வேறிடத்தில் அமர்ந்து, பழைய இருப்பிடத்தைச் சோதிக்கின்றது! முன்னர்க் கூறிய சிக்கலுக்கு இதனினும் நயமான விடையை யாம் கண்டதில்லை.

ஒருசுற்றுப் போதாது. கருவி சூடேறிய பின்னரே வெளிப்படும் பழுதுகள் உண்டு. இரவு முழுவதும் ஓடவிடுதல் தகும். இங்கு 'சிறுபிழை' என்பதொன்று இல்லை. ஒரு பிழை தோன்றினும் அது பிழையே. இரண்டு நினைவகத் துண்டுகள் இருப்பின் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் சோதித்து, பின்னர் மாற்றிச் சோதிக்கவேண்டும். இரண்டும் ஒரே செருகுவாயில் மட்டும் பிழை காட்டுமாயின் குற்றம் துண்டில் இல்லை, வாயில் உள்ளது என்று தெளியலாம்.

செயலியும் வெப்பமும்

நுண்செயலி தவறாகக் கணக்கிடுதல் மிக அரிது. அரிதாயினும் வரலாற்றில் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, 1994இல் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடைகள் மாறுபடக் கண்டார். பிழை தம் நிரலிலா, மொழிமாற்றியிலா, தாய்ப்பலகையிலா என ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் பென்டியம் செயலியின் வகுத்தற்பகுதியிலேயே குறையுள்ளதென நிறுவினார். இன்டெல் நிறுவனம் செயலிகளை மாற்றித்தர முன்வந்து, அதற்கென 47.5 கோடி டாலர் செலவுக்கணக்கு எழுத நேர்ந்தது. நைஸ்லி எந்தச் சிறப்புக் கருவியையும் வாங்கவில்லை. ஒரே வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அவ்வாறே வைத்தல் என்னும் முறைதான் அவருக்குத் துணையாயிற்று.

அன்றாட வாழ்வில் செயலியின் பகை வெப்பமே. 'எச்டபிள்யூஇன்ஃபோ' போன்ற மென்பொருள்கள் செயலிக்குள் பதிந்துள்ள உணரிகளைப் படித்து வெப்பநிலையைக் காட்டும். மடிக்கணினிச் செயலிகள் பலவற்றின் உச்சவரம்பு 100 பாகை செல்சியசை ஒட்டியது. வரம்பை நெருங்கியதும் செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். பயன்படுத்துவோர் 'கணினி பழசாகிவிட்டது' என்பர்; உண்மையில் விசிறியைத் தூசி அடைத்திருக்கும். சுமையேற்றியவுடன் சில நொடிகளிலேயே வெப்பம் உச்சத்தைத் தொடுமாயின், செயலியினின்று வெப்பத்தை வாங்கும் பசை உலர்ந்திருக்கலாம், அல்லது வெப்பக்குழாய் பிடிப்பிழந்திருக்கலாம். மெல்ல ஏறி உச்சத்தில் நிற்குமாயின் காற்றோட்டத் தடையை ஐயுறலாம். அளவெண்ணைவிட ஏறும் விதமே இங்கு மிகுதியாகப் பேசுகின்றது.

வெப்பத்தால் விளையும் பழுது குளிர்ந்தவுடன் மறைதலும் உண்டு. மடிக்கணினிகளுக்கான தன் வரைகலைச் சில்லுகள் சிலவற்றில் சில்லைப் பொதிந்த பொருள் வலுவற்றதாயிருந்தமையை ஏற்று, என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்வதால் நுண்ணிய பற்றவைப்புகள் விரிசலுறும் இயல்பின. இத்தகைய பழுதுடைய கருவி, குளிர்ந்த நிலையில் சோதனையை நன்கே கடக்கும். எனவே, எந்நிலையில் பழுது தோன்றியதோ அந்நிலையிலேயே சோதித்தல் வேண்டும்.

மின்கலம்

விண்டோஸில் 'பவர்சிஎஃப்ஜி' என்னும் கட்டளைவழி மின்கல அறிக்கையைப் பெறலாம். அதில் வடிவமைத்த கொள்ளளவு, இன்று முழுதாக ஏறும் கொள்ளளவு என இரண்டெண்கள் இருக்கும். சான்றாக, 48,000 மில்லிவாட் மணி என வடிவமைத்த மின்கலம் இன்று 26,400 மட்டுமே ஏற்குமாயின், எஞ்சியது 55 விழுக்காடு. இவ்வெண்கள் மின்கலத்தினுள் உள்ள அளவுச்சில்லின் கணிப்பே என்பதை மறத்தலாகாது. 30 விழுக்காடு இருப்பதாகக் காட்டியவாறே கணினி அணையுமாயின் அறிக்கையினும் அணைவையே நம்புக. மின்கலம் வீங்குதலை எம்மென்பொருளும் காணாது. தொடுபலகை மேலெழுந்தோ அடிமூடி பிதுங்கியோ தோன்றினால் சோதனையை விடுத்து, மின்னேற்றாது, அதனை உடனே தகுந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

திரையைப் பொறுத்தவரை மென்பொருளினும் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பதே விரைவானது. வெளித்திரையில் படம் தெளிவாயின் குற்றம் பெரும்பாலும் உள்திரையிலோ, கீல்வழி செல்லும் வடத்திலோ இருக்கும். மூடியை அசைக்கும்போது படம் வந்து மறைந்தால் வடமே எனத் துணியலாம்.

பொய்யுரைக்கும் சோதனைகள்

பழுதே இல்லாவிடத்துப் பழுதுரைக்கும் மென்பொருள்களும் உள. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2019 மார்ச்சில் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. 'ஆபீஸ் டிப்போ' என்னும் கடைநிறுவனம், 'சப்போர்ட்.காம்' நிறுவனத்தின் 'பிசி ஹெல்த் செக்' என்னும் நிரலால் வாடிக்கையாளர் கணினிகளைச் சோதித்து வந்தது. தீநிரல் அறிகுறி உண்டெனும் முடிவு, தொடக்கத்தில் கேட்கப்பெற்ற நான்கு கூற்றுகளுள் ஏதேனும் ஒன்றுக்குக் குறியிட்டாலே வந்துவிடும். சோதனை எதனைக் கண்டது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அம்முடிவைக் காட்டிப் பழுதுநீக்கச் சேவைகள் விற்கப்பட்டன. ஆணையத்தின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள முன்னது 2.5 கோடி டாலரும், பின்னது 1 கோடி டாலரும் செலுத்த இசைந்தன.

நல்ல சோதனை எதனைச் சோதித்தது, எந்த எண்ணைக் கண்டது, எந்த வரம்போடு ஒப்பிட்டது என்பனவற்றைக் காட்டும். '437 குறைகள் உள்ளன, உடனே வாங்குக' என மட்டும் சொல்வது சோதனையன்று, விளம்பரம். இலவசமாகக் 'கண்டறிந்து', நீக்குவதற்கு மட்டும் பணம் கேட்கும் மென்பொருளை ஐயுறுதல் கடன்.

பழுதுநீக்கும் நிலையத்திற்குக் கணினியைக் கொண்டு செல்வோர், நிலைப்பொருட் சோதனை தரும் பிழைக்குறியை நாளோடும் நேரத்தோடும் எழுதியோ படமெடுத்தோ உடன் கொண்டுபோதல் நலம். 'சில வேளை நின்றுவிடுகின்றது' என்னும் கூற்றுக்கு விடையாகப் பெரும்பாலும் வருவது 'தாய்ப்பலகையை மாற்றவேண்டும்' என்பதே. அது புதுக்கணினியின் விலையில் பெரும்பகுதியை விழுங்குவது. குறியெண்ணோடு செல்வோர், 'எச்சோதனையில் இம்முடிவுக்கு வந்தீர்?' என வினவலாம். கணினி திரும்பி வந்தபின், முன்னர்ப் பிழை காட்டிய அதே சோதனையை, அதே அளவு நேரம், அதே வெப்பநிலையில் மீண்டும் ஓட்டிப் பார்த்த பின்னரே எஞ்சிய தொகையைச் செலுத்துக.